ஆர்செப்பில் சேராத இந்தியா, தூத்துக்குடிக்கு வந்த கார்

எங்க பெரியதாழையில தொழில்னா கடல்தான். அதே மாவட்டத்துல, தூத்துக்குடி சில்லாநத்தம் சிப்காட்ல 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலை திறக்கப்பட்டது. முதல் கட்டமா ஆண்டுக்கு 50,000 கார். பக்கத்துலயே துறைமுகம் இருக்கு. முழு காரா இறக்கி விக்காம, ஏன் ஆலை கட்டினாங்க?

கொஞ்சம் பின்னாடி போவோம். ஆசியான் நாடுகள் 10, கூடவே சீனா, ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இந்தியா. இந்த 16 பேரும் சேர்ந்து ஆர்செப் என்ற வர்த்தகக் கூட்டமைப்புக்கு 2012ல பேச ஆரம்பிச்சாங்க. 2019 நவம்பர் 4, பாங்காக்ல இந்தியா விலகிக்கிட்டது. சீனப் பொருட்கள் வந்து குவியும்ங்கிற பயம், பால் உற்பத்தியாளர்களோட எதிர்ப்பு எல்லாம் சேர்ந்த முடிவு. மத்த 15 நாடுகளுக்குள்ள ஒப்பந்தம் 2022 ஜனவரி 1ல அமலுக்கு வந்தது.

ஒண்ணு கவனிக்கணும். விலகினதால புதுசா சுவர் எழும்பல; இருந்த சுவர் அப்படியே நின்னுச்சு. 2024ல வின்ஃபாஸ்ட் அடிக்கல் நாட்டினப்போ, முழு காரா இறக்கினா 70 முதல் 100 சதவீதம் சுங்கவரி. பாகங்களா கொண்டுவந்து இங்க பூட்டினா வரி ரொம்பக் குறைவு. அதான் ஆலை.

கூட்டமைப்புக்குள்ள இருந்து வெளியே வந்தா என்ன ஆகும்னு பிரிட்டனைப் பாருங்க. 2016ல 17 லட்சத்துக்கு மேல கார் செஞ்ச நாடு, 2022ல 7.75 லட்சம்தான் செஞ்சது. பிரெக்ஸிட் மட்டும் காரணமில்ல. கொரோனா, சிப் தட்டுப்பாடும் உண்டு. வரியில்லா ஒப்பந்தம் கிடைச்சும், காரோட பாகங்கள்ல போதுமான பங்கு பிரிட்டன்லயோ ஐரோப்பிய ஒன்றியத்துலயோ செஞ்சதுன்னு காட்டினாத்தான் அந்தச் சலுகை. பேட்டரி ஆசியாவிலிருந்து வந்தா அங்கதான் சிக்கல். அதனால, 2024ல வரவேண்டிய கடுமையான பேட்டரி விதியை 2026 கடைசி வரைக்கும் தள்ளி வெச்சாங்க.

நமக்கும் இதுல பாடம் இருக்கு. சுவர் ஆலையை வரவழைக்கும், தங்க வைக்கும்னு சொல்ல முடியாது. மறைமலைநகர்ல ஃபோர்டு இதே சுவருக்குள்ள இருந்துதான் கார் செஞ்சது, ஏற்றுமதியும் பண்ணுச்சு. நஷ்டம் தாங்காம 2021 செப்டம்பர்ல உற்பத்தியை நிறுத்தப் போறோம்னு அறிவிச்சது.

அதனால தூத்துக்குடியில எத்தனை கார் வெளிய வருதுன்னு மட்டும் எண்ணாதீங்க. அதுல எத்தனை பாகம் இங்க செஞ்சதுன்னும் கேளுங்க. கடலுக்குப் போகாம ஐடிஐ படிக்கப் போற நம்ம ஊர்ப் பசங்களோட வேலை அதுலதான் இருக்கு.