சிறுதொழிலும் திட்டமிடலும்: இலங்கைக் கைத்தறி நெசவின் அனுபவம்

சிறுதொழில்கள் நலிவதற்கு உரிமையாளரிடம் திட்டமிடும் ஆற்றல் இல்லாமையே காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகின்றது. திட்டம் தனிமனித மதிநுட்பத்தின் விளைவு என்ற எண்ணமே இதற்கு அடிப்படை. இலங்கைக் கைத்தறி நெசவின் வரலாற்றை நோக்கும்போது இக்கருத்தினை நாம் ஏற்க முடியாதுள்ளது.

1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கம், அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுத் துணிகள் அரிதாகவே, உள்ளூர்த் துணிக்குச் சந்தை உறுதியாயிற்று, கைத்தறிகள் பெருகின. எனினும், இக்காலப்பகுதியை நாம் இலட்சியமயப்படுத்தலாகாது. அடுத்த மாதம் எத்தனை தறிகளை இயக்கலாம் என்பதை நெசவுசாலை உரிமையாளர் தாமே தீர்மானிக்க இயலவில்லை. நூலும் சாயமும் பங்கீட்டிலும் அனுமதிப்பத்திரத்திலும் தங்கியிருந்தன. அவற்றைப் பெற அரசியற் செல்வாக்கு உதவிற்று.

1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் இந்நிலையை மாற்றியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் நீக்கப்பட்டன. இரட்டை நாணயமாற்று வீதம் ஒழிந்து, டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்ற ஒரே வீதம் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதித் துணிகள் சந்தையை நிரப்ப, தறிகள் பல ஓய்ந்தன. தறியிலிருந்தோருட் பெரும்பாலோரான பெண்கள் வேலையிழந்தனர். முன்னர் இலாபமீட்டிய அதே உரிமையாளர், ஓரிரு ஆண்டுகளுள் தமது மதிநுட்பத்தை இழந்துவிட்டார் எனக் கொள்வது பொருந்துமா?

அதேவேளை, 1978இல் தோற்றுவிக்கப்பட்ட கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் முதலிட்டோருக்குப் பத்தாண்டுகள் வரையிலான வரிவிலக்குக் கிடைத்தது. நீண்டகாலத் திட்டமிடலுக்கு வேண்டிய உறுதிப்பாட்டைப் பெருமூலதனத்துக்கு அரசே வழங்கியது. சிறு உற்பத்தியாளருக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை.

இதன் விளைவுகள் பொருளாதாரத்தோடு நின்றுவிடவில்லை. கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தில் அரச ஆதரவினால் வளர்ந்த சிங்களச் சிறு, நடுத்தர முயற்சியாளர் 1977இன் பின் அதனை இழந்தமையை, இனமுரண்பாடு கூர்மையடைந்தமையோடு தொடர்புபடுத்தி, சமூகவியலாளர் நியூட்டன் குணசிங்க 1984இல் ஆராய்ந்தார். 1983 யூலை வன்செயல்களின் பின்னணியில் அவ்வாய்வு மிகுந்த கவனத்துக்குரியது.

மூலப்பொருளும் சந்தையும் கடனும் எவர் கையிலுள்ளன என்ற வினாவை விடுத்துச் சிறுதொழிலின் திட்டமிடலை விளங்கிக்கொள்ள முடியாது. அவ்வினா எழுப்பப்படாதபோது, வீழ்ச்சியுற்றவர் தம்மையே நொந்துகொள்வர்; அல்லது வேற்றினத்தவரான அயற்கடைக்காரரைப் பகைவராகக் காண்பர். இவ்விரண்டும் உண்மைக் காரணத்தை மறைப்பனவே என்பது எமது கருத்தாகும்.