மாறாத மூன்று எழுத்துகள்

1989இல் இலங்கையில் டெங்கு தன் குணத்தை மாற்றியது. குருதிப்பெருக்குக் காய்ச்சல் பரவலாகி உயிர்களைப் பறித்தது. 2003இல் மெஸ்ஸர், சிவானந்தன், அரவிந்த டி சில்வா முதலானோர் இதன் பின்னணியை ஆராய்ந்தார்கள். 3ஆம் வகை வைரசின் மரபணுத் தொடர்களை ஒப்பிட்டு, 1989ஐ ஒட்டி இங்கே புதிய கிளையொன்று தலைகாட்டியதைக் காட்டினார்கள்.

வைரசில் மாறியதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். மாறவே முடியாத இடம் அதில் உண்டா என்பது என் தேடல்.

வெள்ளவத்தையில் இருந்தபடியே ஜென்பேங்க் தரவுக் களஞ்சியத்தைத் திறந்தேன். புரதத் தொடரில் ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து. டெங்கு தன்னை நகலெடுக்கும் நொதியமான என்எஸ்5இல் சுமார் 900 எழுத்துகள். நான்கு வகை டெங்குவின் தொடர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினேன். பல நிரல்களில் எழுத்துகள் வேறுபட்டன. 662ஆம் இடம் தொடங்கி மூன்று எழுத்துகளில் நான்கும் ஒன்றாயின: ஜி, டி, டி. ஒரு கிளைசின், அதையடுத்து இரண்டு அஸ்பார்ட்டிக் அமிலங்கள்.

நான்கும் நெருங்கிய உறவுகள். ஒற்றுமைக்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஐயம் தீர, பழைய ஆய்விதழ்களைப் புரட்டினேன். 1984இல் கேமரும் ஆர்கோஸும் விலங்கு, தாவர, பற்றீரியா வைரசுகளின் தொடர்களை ஒப்பிட்டு இதே மூன்றெழுத்தைக் கண்டிருந்தார்கள். போலியோ வைரசிலும் அது உண்டு. இத்தனை தூரத்து வைரசுகள் ஒரே எழுத்துகளைக் காத்து வந்தால், அவை இல்லாமல் நொதியம் இயங்காது என்றே பொருள்.

டெங்கு 3இன் நொதியக் கட்டமைப்பு 2007இல் வெளியானது. வலக்கை போன்ற அந்த நொதியத்தின் உள்ளங்கைப் பகுதியில் இம்மூன்றும் அமைந்திருக்கின்றன. அஸ்பார்ட்டிக் அமிலங்கள் உலோக அயன்களைப் பற்றிக்கொள்ள, ஆர்என்ஏ இழை நீள்கிறது. இந்தப் பிடி தளர்ந்தால் நகலெடுப்பு குலையும்; அப்படி மாறிய வைரசு சந்ததி பெருக்காது.

ஹெப்பட்டைட்டிஸ் சி வைரசின் நகலெடுக்கும் நொதியத்திலும் இதே மூன்றெழுத்து இருக்கிறது. அந்த நொதியத்தை முடக்கும் சோஃபோஸ்புவிர் 2013இல் அங்கீகாரம் பெற்று, அந்நோயைக் குணப்படுத்துகிறது. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டார்கள். ஆனாலும் டெங்குவுக்கு அத்தகைய மருந்து இன்னும் இல்லை.

உயிரியல் பயிலும் மாணவர்களே, அந்தக் களஞ்சியம் எல்லோருக்கும் இலவசம். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நம்மவரைப் படுக்கையில் தள்ளும் வைரசின் பலவீனம் அந்த வரிகளில்தான் இருக்கிறது. தேடத் தொடங்குங்கள்.