கேரவனுக்கு மோட்டார் தேவையா? கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது விடை

‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர், நடிகையர் ஓய்வெடுக்கும் சொகுசு வாகனம்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். எஞ்சின் மட்டும் இருக்காது. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு அது.

1885ஆம் ஆண்டில் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், குதிரைகள் இழுத்த ‘வாண்டரர்’ என்ற வண்டியில் இங்கிலாந்தின் டுவைஃபர்டிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை உல்லாசப் பயணம் சென்றார். பிரிட்டிஷ் மக்களின் கேரவன் விடுமுறைப் பழக்கத்துக்கு அதுவே முன்னோடி என்பர். இன்று பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் ஆண்டில் பல வாரங்களைக் கேரவனில் கழிக்கின்றனர்.

நெடுஞ்சாலையில் எத்தனை நூறு கிலோமீட்டர் என்றாலும் கார் இழுத்துவிடும். சிரமம் தொடங்குவது கடைசிப் பத்து மீட்டரில். முகாமில் ஒதுக்கப்பட்ட இடத்தில் கேரவனைத் திருப்பி நிறுத்த வேண்டும். வீடு திரும்பியதும் குறுகிய வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும். காரைக் கழற்றிய பிறகு, ஒரு டன்னுக்கும் அதிகமான எடையைக் கையால் தள்ள வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்யவே ‘மோட்டார் மூவர்’ எனும் சாதனம் விற்கப்படுகிறது.

பிரிட்டனில் குடியேறிய பிள்ளைகளோ உறவினரோ கேரவன் வாங்கும் யோசனையில் இருந்தால், அதைப் பொருத்துவதற்கு முன் பார்க்க வேண்டிய கணக்குகள் சில உண்டு.

எப்படி இயங்குகிறது?

கேரவனின் அடிச்சட்டத்தில், சக்கரங்களுக்கு அருகே இரண்டு மின்மோட்டார்கள் பொருத்தப்படும். ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் உலோக உருளை இருக்கும். தேவைப்படும்போது உருளைகள் டயர்மீது அழுந்தி, சக்கரத்தைச் சுழற்றும். கேரவனுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி மின்சாரம் தரும். உரிமையாளர் கையில் ரிமோட்டுடன் கேரவனைச் சுற்றி நடந்தபடியே அதை இயக்கலாம்.

ஒரு சக்கரத்தை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் சுழற்றினால், ஒற்றை அச்சுக் கேரவன் நின்ற இடத்திலேயே திரும்பும். காரின் இணைப்புக் குண்டுக்கு நேர்மேலே கேரவனின் முனையைக் கொண்டுவந்து நிறுத்தவும் முடியும். நான்கு சக்கரங்கள் கொண்ட இரட்டை அச்சுக் கேரவனுக்கு இந்த வசதி முழுமையாகக் கிடைக்காது. இரண்டு மோட்டார் மட்டும் இருந்தால், பெரும்பாலும் நகர்ந்துகொண்டேதான் அதைத் திருப்ப முடியும். நான்கு மோட்டார் பொருத்தினால் செலவும் எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

தள்ள எவ்வளவு பலம் வேண்டும்?

1,400 கிலோ எடையுள்ள கேரவனை எடுத்துக்கொள்வோம். சமதளமான சிமெண்டுத் தரையில் அதை நகர்த்திக்கொண்டிருக்க, ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். இருவர் சேர்ந்தால் எளிதாகத் தள்ளிவிடலாம்.

அதே தரை 20 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் உயர்ந்தால் நிலைமை மாறிவிடும். ஏற்றத்துக்காக மட்டுமே மேலும் 70 கிலோ சேரும். மொத்தம் 90 கிலோ. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் சரிவுதான் இது. மழையில் ஊறிய புல்தரையில் சக்கரம் புதையும்போது, ஏற்றமே இல்லாமல் 100 கிலோவைத் தாண்டக்கூடும்.

முதுகுவலி, மூட்டுத் தேய்மானம், இதய நோய் உள்ள ஒருவர் இந்தப் பலத்தைக் கொடுக்க முயல்வது ஆபத்து. ஏற்றத்தைவிட இறக்கம் இன்னும் மோசம். இன்றைய கேரவன்களின் பிரேக், கார் பின்னோக்கித் தள்ளும்போது தானாகத் தளர்ந்துகொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதனால் கேரவன் பின்புறமாக உருளத் தொடங்கினால், கைபிரேக்கை இழுத்தாலும் சற்று நகர்ந்த பிறகே முழுப் பிடி கிடைக்கும். அந்தச் சிறு இடைவெளியில் பின்னால் ஓர் ஆள் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் சட்டமும் மாறியிருக்கிறது. 1997 ஜனவரி முதல் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியோரும் 2021 டிசம்பர் 16 முதல் தனித்தேர்வு எழுதாமலேயே 3,500 கிலோ வரையிலான இழுவை வண்டியை இழுக்கலாம். கேரவனுடன் பின்னோக்கிச் செல்லும்போது, கேரவனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் முதலில் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். இதற்குப் பழக்கம் தேவை. மோட்டார் இருக்கிறது என்பதற்காக இந்தப் பயிற்சியைத் தவிர்ப்பது சரியல்ல. வழியில் தவறான சந்துக்குள் நுழைந்துவிட்டால் காரை வைத்துத்தான் வெளியே வர வேண்டும்.

மறந்துவிடக்கூடாத எடைக் கணக்கு

பலரும் விலையைப் பார்க்கிறார்கள், எடையைப் பார்ப்பதில்லை. இரண்டு மோட்டார் கொண்ட சாதனத்தின் எடை பொதுவாக 30 முதல் 40 கிலோ.

ஒவ்வொரு கேரவனுக்கும் சாலையில் அனுமதிக்கப்படும் அதிகபட்ச எடை உண்டு. பிரிட்டனில் அதை ‘எம்.டி.பி.எல்.எம்.’ என்பர். அது 1,400 கிலோ என்றும், வெறும் கேரவனின் எடை 1,250 கிலோ என்றும் கொள்வோம். பொருள் ஏற்ற மீதமிருப்பது 150 கிலோ. அதில் பேட்டரிக்கு 22, மோட்டாருக்கு 35 போனால் எஞ்சுவது 93. வாசலில் விரிக்கும் முன்கூடாரத்துக்கு 25 கழித்தால் 68 கிலோதான். இருவரின் துணிமணி, பாத்திரம், உணவு, நாற்காலி, மின்கம்பி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

முன்கூடாரம் வேண்டாமென்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். மோட்டாரை அப்படிக் கழற்றி வைக்க முடியாது. அனுமதித்த எடையை மீறுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரலாம். சில தயாரிப்பாளர்கள் அனுமதி எடையை உயர்த்தி, புதிய எடைத் தகடு தருவதுண்டு. ஆனால் காரின் இழுவைத் திறனும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பொருட்களை ஏற்றிய நிலையில் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

மோட்டார் பெரும்பாலும் அச்சுக்கு முன்புறம் பொருத்தப்படுவதால், காரின் இணைப்புக் குண்டுமீது கேரவன் அழுத்தும் எடையும் சற்றுக் கூடும். இதை ‘மூக்கு எடை’ என்பர். காரின் கையேட்டில் அதற்கான வரம்பு இருக்கும். அதையும் சரிபார்க்க வேண்டும்.

பேட்டரி தாங்குமா?

ஐந்து நிமிடம் சராசரியாக 40 ஆம்பியர் எடுத்தாலும் செலவாவது மூன்று, நான்கு ஆம்பியர்-மணிதான். எனவே கொள்ளளவு பெரிய சிக்கல் இல்லை. ஏற்றத்தில் ஏறும் கணத்தில் 100 ஆம்பியரையும் தாண்டி மின்சாரம் தேவைப்படலாம். பழைய பேட்டரியில் அப்போது மின்னழுத்தம் சரிந்து, பாதி வழியில் மோட்டார் நின்றுவிடும்.

லித்தியம் பேட்டரி எடை குறைவு என்பதால் சிலர் அதை விரும்புவர். அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் அனுமதிக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். குளிர்காலம் முழுவதும் கேரவனைச் சும்மா நிறுத்தி வைத்தால், வசந்த காலத்தில் பேட்டரி காலியாகவே இருக்கும். சூரியத் தகடோ, அவ்வப்போது மின்னேற்றமோ தேவை.

பாதுகாப்பு வரிசை

• முதலில் கைபிரேக்கை இழுத்துவிட்டு, உருளைகளை டயர்மீது அழுத்த வேண்டும்.

• நான்கு மூலைகளிலும் உள்ள தாங்குகால்களை உயர்த்திவிட்டு, கைபிரேக்கைத் தளர்த்தி நகர்த்த வேண்டும்.

• நின்றதும் மீண்டும் கைபிரேக். அதன் பிறகே உருளைகளை விலக்க வேண்டும். சரிவில் இந்த வரிசையை மாற்றினால் கேரவன் உருண்டு ஓடிவிடும்.

• காரில் இழுப்பதற்கு முன் உருளைகள் டயரைவிட்டு விலகியிருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல் டயரும் மோட்டாரும் பாழாகும்.

• கேரவனின் இறக்கப் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது. குறிப்பாக, பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

பொருத்தும் பணியை அனுபவமுள்ள கேரவன் பணிமனையிடம் விடுவது நல்லது. இன்றைய மெல்லிய எஃகு அடிச்சட்டத்தில் தயாரிப்பாளரின் அனுமதியின்றித் துளையிடவோ பற்றவைக்கவோ கூடாது. கவ்விகளால் பற்றிப் பிடிக்கும்படி பொருத்துவதே வழக்கம்.

யாருக்குத் தேவை?

வீட்டு வாசல் சரிவாக இருப்போர், குறுகிய வாயிலில் செங்குத்தாகத் திருப்ப வேண்டியோர், தனியாகப் பயணம் செய்வோர், தம்பதியரில் ஒருவராவது பளு தள்ளக்கூடாத நிலையில் இருப்போர் ஆகியோருக்கு மோட்டார் ஆடம்பரமன்று. அது இல்லாவிட்டால் கேரவனையே விற்க வேண்டிய நாள் சீக்கிரம் வந்துவிடும்.

கேரவன் இலகுவானது, வாசல் சமதளம், நிறுத்தும் இடம்வரை காரே பின்னோக்கிக் கொண்டு சேர்த்துவிடும் என்றால் அவசரப்படத் தேவையில்லை. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வசதியுள்ள முகாம்களை மட்டும் தேர்ந்தெடுப்போருக்கும் இது பொருந்தும். அந்த 35 கிலோவை வேறு பொருட்களுக்குப் பயன்படுத்தலாம்.

பொருத்தும் கூலியுடன் செலவு ஏறக்குறைய ஆயிரம் பவுண்டிலிருந்து இரண்டாயிரம் பவுண்டுக்கு மேலும் போகும். அடிச்சட்டம் ஒத்துவந்தால் அடுத்த கேரவனுக்கும் அதையே மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

விற்பனையாளரிடம் போகும் முன், அளவு நாடாவுடன் சொந்த வாசலுக்குப் போய்ப் பாருங்கள். சரிவு எவ்வளவு, வாயில் அகலம் எவ்வளவு, மழை நாளில் தரை எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேரவனின் எடைத் தகட்டில் உள்ள எண்களையும் அதனருகே எழுதுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்தும் அதை நீங்களே தள்ளுவீர்களா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு உண்மையான பதில் எழுதினால் முடிவு தானாகத் தெரிந்துவிடும்.