திரையில் தன் முகம் தேடிய ஈழத்தமிழ்

ஒரே மொழியைப் பேசுவோர் பல நாடுகளில் வாழுங்கால், அவருள் வலிமை மிக்க ஒரு பகுதியினரின் கலையே ஏனையோர்க்கும் உரிய கலையாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது. அரபு உலகம் இதற்குத் தக்க சான்று. கெய்ரோவில் மிஸ்ர் படப்பிடிப்பு நிலையம் 1935-இல் தொடங்கப்பெற்றபின் எகிப்தியப் படங்கள் அரபு நாடுகள் எங்கும் பரவின. துனிசியரும் அல்ஜீரியரும் திரையில் கேட்டது தம் வீட்டுப் பேச்சையன்று, எகிப்தின் பேச்சையே. தத்தம் மண்ணின் வாழ்வைத் திரையில் காணும் வேட்கையே 1966-இல் துனிஸ் நகரில் கார்த்தேஜ் திரைப்பட விழாவைத் தோற்றுவித்தது. எகிப்திலும் யூசுப் ஷாஹீன், ‘நிலம்’ (1969) என்னும் படத்தில் பொழுதுபோக்குப் பாதையை விடுத்து உழவரின் நீருரிமைப் போராட்டத்தைக் காட்டினார்.

அரபு மக்களுக்குக் கெய்ரோ எதுவோ, இலங்கைத் தமிழருக்குக் கோடம்பாக்கம் அதுவாயிற்று.

முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ (1947) நமக்கு அண்மையிலுள்ள மதுரையில், எஸ். எம். நாயகத்தின் சித்ரகலா மூவிடோன் நிலையத்தில் உருவாயிற்று என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி. அதன்பின் பல சிங்களப் படங்கள் தென்னிந்திய அச்சிலேயே வார்க்கப்பட்டன. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) அவ்வச்சை உடைத்து, சிங்களக் கிராமத்தின் திறந்த வெளிக்குச் சென்றது.

சிங்களக் கலைஞர்க்குத் தனி மொழி என்னும் அரண் இருந்தது. தமிழர்க்கோ அதுவும் இல்லை. கடல் கடந்து வந்த படமும் தமிழே பேசியது. ‘நமக்கெனத் தனிப்படம் எதற்கு?’ என்ற வினாவே பெருந்தடையாயிற்று.

எனினும் முயற்சிகள் ஓயவில்லை. 1962-இல் ‘சமுதாயம்’ 16 மி.மீ. படச்சுருளில் வெளிவந்தது. மறு ஆண்டில் ‘தோட்டக்காரி’ மலையகத் தொழிலாளர் வாழ்வைத் தொட்டது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972) யாழ்ப்பாணத்து மண்ணையும் பேச்சையும் திரைக்குக் கொணர்ந்தது. செங்கை ஆழியானின் புதினம் ஒன்று ‘வாடைக்காற்று’ (1978) ஆகி, மீனவர் வாழ்வைக் காட்டியது.

இவற்றுள் தனித்து நிற்பது ‘பொன்மணி’ (1977). இயக்கியவர் தர்மசேன பத்திராஜ என்னும் சிங்களக் கலைஞர். சீதனமும் சாதியும் ஒரு குடும்பத்தின் பெண்களை எவ்வாறு அழிக்கின்றன என்பதே கதை. தன் மண்ணின் பெருமையை மட்டும் பாடுவது அடையாளமன்று; அதன் புண்ணையும் கண்கொண்டு நோக்குவதே அடையாளம் என அப்படம் உணர்த்தியது. ஆனால் கோடம்பாக்கத்தின் ஆடல் பாடலுக்குப் பழகிய கண்கள் அதனை ஏற்கவில்லை. அது வணிக வெற்றி பெறாமற் போயிற்று.

1983 சூலைக் கலவரத்தில் கே. குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையம் எரியூட்டப்பட்டது. பின்னர் மூண்ட நெடும்போர், தளிர்த்து வந்த தமிழ்த் திரைமுயற்சியைத் தளரச் செய்தது. போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட ‘இனி அவன்’ (2012) வந்தது. இயக்கியவர் அசோக ஹந்தகம. 2015-இல் கான் விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனை, பெரிதும் தமிழ் பேசிய ‘தீபன்’ படத்தைச் சென்றடைந்தது. ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி அதில் தலைமைப் பாத்திரமேற்றார். இயக்கியவரோ பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் ஓதியார். ஈழத்தமிழரின் துயரை உலகறியச் செய்ய அயல்மொழிக் கலைஞர் வேண்டியிருந்தது என்பது சிந்தனைக்குரியது.

பிறமொழி ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்த வரலாறு நமக்கு உண்டு. ஆயின் நம் தமிழே மற்றொரு தமிழின் குரலை மூழ்கடித்த வரலாற்றை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. தாடிக்கொம்பின் பேச்சுக்கும் திரைத்தமிழுக்கும் உள்ள தொலைவை அறிந்த நாம், யாழ்ப்பாணத்தின் ஏக்கத்தை உணர்தல் அரிதன்று. ஈழத்தார் தம் குரலிற் பேசும் படங்களைத் தேடிக் காண்பதும், அவற்றைப் பற்றி இத்தகைய இலக்கிய அரங்குகளிற் பேசுவதும், அவர்க்கு நாம் செலுத்த வேண்டிய பழங்கடன்.