பத்திரிகையும் வானொலியும்: சட்டம் எங்கே பிடிக்கிறது?

பத்திரிகை தொடங்க யாரிடம் அனுமதி எடுக்க வேண்டும்? பிக்கரிங்கில் எம்மவர் கூடும் இடங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. கனடாவில் யாரிடமும் எடுக்கத் தேவையில்லை. செய்தித்தாளுக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகமே இங்கு கிடையாது. அரசு தரும் மறுப்பை வெளியிட வேண்டும், செய்தி தந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று அல்பேர்ட்டா மாகாணம் 1937 இல் ஒரு சட்டத்தை நிறைவேற்றிப் பார்த்தது. உச்ச நீதிமன்றம் 1938 இல் அது செல்லாது என்றது.

வானொலி வேறு கதை. அலைவரிசை பொதுச்சொத்து என்று ஒலிபரப்புச் சட்டம் சொல்கிறது. ஆகவே பண்பலை நிலையம் நடத்த சி.ஆர்.ரி.சி. ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். அது கிடைப்பது இலேசல்ல. எங்கள் ஒலிபரப்புகள் ஆரம்பத்தில் துணை அலைவரிசையில், அதற்கென்று வாங்கிய தனி வானொலிப் பெட்டியில் மட்டும் கேட்டதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த முதற் கேள்விக்குள் இருப்பது உரிமம் பற்றிய சந்தேகம் மட்டுமல்ல, ஊரிலிருந்து கொண்டுவந்த பயமும்தான். பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 'நோர்த் ஈஸ்டேர்ன் மன்த்லி' இதழில் 2006 இல் எழுதியவற்றுக்காக 2008 மார்ச்சில் கைதானார். 2009 ஓகஸ்ட் 31 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. அதைப் பிரித்துப் பாருங்கள்: எழுத்தும் வெளியீடும் தொடர்பான இரண்டு குற்றச்சாட்டுகளுக்கு ஐந்தைந்து ஆண்டு, இதழுக்குப் பணம் திரட்டியதற்குப் பத்து ஆண்டு. கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு இந்தப் பாதிதான் உறைக்கிறது. பணம் திரட்டாமல் எந்த இதழ் நடக்கும்? 2010 இல் ஜனாதிபதி மன்னிப்பு வந்தது. அவரைத் தண்டித்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஆம் ஆண்டினது.

ஒன்ராறியோவில் பத்திரிகை கவனிக்க வேண்டியது அவதூறுச் சட்டத்தை. உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பொய் எழுதினால், அது தெரியவந்து ஆறு வாரத்துக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வானொலிக்கும் இதே கணக்குத்தான். தவறவிட்டால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு நிற்காது.

இந்தக் காலக்கெடு பத்திரிகைக்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் உரிமையாளர் பெயர், வெளியீட்டாளர் பெயர், வெளியிடும் முகவரி ஆகிய மூன்றும் முதற் பக்கத்திலோ ஆசிரியர் தலையங்கத்தின் மேலோ இருந்தால்தான் அது கிடைக்கும். விளம்பரத்துக்கான தொலைபேசி இலக்கத்தை மட்டும் போடும் பத்திரிகைக்கு அது இல்லை.