டயரின் மேல் எழுதிய சரித்திரம்

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் நாங்கள் ஒரு விடுமுறையில் மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்தோம். சிராங்கூன் சாலையோரம் நின்ற காரின் டயரில் '185/65 ஆர் 15' என்று பொறித்திருந்தது. "ஐயா, 185 மில்லிமீட்டராம், 15 அங்குலமாம். ஒரு சக்கரத்துக்கு இரண்டு அளவுகோல் எதற்கு?" என்று கேட்டான் ஒரு மாணவன். அதற்கு விடை சரித்திரத்தில் இருக்கிறது.

நாங்கள் நின்ற வட்டாரம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரத்துக்குப் பேர்போனது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை, லெம்பு சாலை என்னும் பெயர்களே சாட்சி. அன்றைய மாட்டு வண்டியின் மரச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டைதான் காப்பு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் அமெரிக்கரான குட்இயர் கண்டார். 1888இல் டன்லப், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். 1895இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் அதைக் காரில் பூட்டிப் பந்தயத்தில் ஓட்டினார்கள்.

இத்தனை டயருக்கும் ரப்பர் எங்கிருந்து வரும்? 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1888இல் இங்குள்ள தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரம் பட்டுப்போகாமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். பிறகு மலாயாவெங்கும் தோட்டங்கள் எழுந்தன. தமிழகத்திலிருந்து கங்காணிமார் மூலம் வந்த நம்மவர் விடியுமுன் எழுந்து மரம் சீவினர். மங்கில் பால் சேர்த்தனர். அந்த ரப்பரில் பெரும்பகுதி சிங்கப்பூர்ச் சந்தை வழியாகக் கப்பலேறியது.

இனி எண்ணுக்கு வருவோம். பழைய டயர்களில் '5.60-13' என்று அகலமும் ரிம்மும் அங்குலத்திலேயே இருந்தன. 1946இல் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. 'ஆர்' என்பது அதைக் குறிக்கும். பிரெஞ்சு வழக்கப்படி அதன் அகலம் மில்லிமீட்டரில் வந்தது. ரிம்மோ அங்குலத்திலேயே நிலைத்துவிட்டது. நடுவிலுள்ள 65, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைச் சொல்லும்.

டயரை மாற்றும்போது இந்தக் கணக்கு உதவும். 185இல் 65 சதவீதம் 120.25. மேலும் கீழுமாக 240.5 மில்லிமீட்டர். 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். கூட்டினால் விட்டம் 621.5. ரிம்மை 16 அங்குலமாக்க விரும்பினால் 195/55 போடலாம். அதன் விட்டம் 620.9. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அழகாக இருக்கிறதென்று 195/65 போட்டாலோ, விட்டம் 659.9 ஆகிவிடும், ஆறு சதவீதம் அதிகம். வேகமானி 90 கிலோமீட்டர் காட்டும்போது கார் 95ஐத் தாண்டி ஓடும். சக்கரம் திரும்பும்போது மட்காப்பில் உரசவும் கூடும். மழை பெய்யும் விரைவுச்சாலையில் இது விளையாட்டன்று.

விட்டம் பொருந்தினால் மட்டும் போதாது. அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமையையும் எழுத்து வேகத்தையும் குறிக்கும். கார் தயாரிப்பாளர் குறித்ததைவிட இவை குறையக் கூடாது. ஓட்டுநர் பக்கக் கதவை அண்டிய தகட்டைப் பார்த்து, சட்டம் அனுமதிக்கிறதா என்றும் விசாரித்த பிறகே மாற்ற வேண்டும்.

ஊர் திரும்பியதும் அந்த மாணவன் கரும்பலகையில் இந்தக் கணக்கைத் தானே போட்டுக் காட்டினான். அவன் பாட்டி பால் மரம் சீவியவர். பேரன் சொல்லக் கேட்டு, தாம் எடுத்த பால் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அந்த அம்மையார் தெரிந்துகொண்டார். நமது வீடுகளிலும் இந்தக் கதை சொல்லப்பட வேண்டும்.