மண்டூர்ப் பாதையும் பல்லுக்குக் கம்பியும்

மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். கதிர்காமத்து வழக்கம் அது. மூச்சும் எச்சிலும் தெய்வத்தின்மேல் படக்கூடாது என்பது அதன் பொருள். 'சின்னக் கதிர்காமம்' என்று பெயர் பெற்ற அந்தக் கோயிலின் ஆவணித் திருவிழாவுக்கு மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருக்கும் சனம் வாவியைக் கடந்து வரும். குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நிற்கும். மட்டக்களப்பார் 'பாதை' என்றால் தெருவை மட்டும் நினைப்பதில்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியில் மிதந்து போகும் தட்டையான கலத்துக்கும் அதுதான் பெயர். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருப்பவருக்கு வைத்தியர், கச்சேரி, பெரிய சந்தை எல்லாம் அந்தப் பாதைக்கு அப்பால்தான் தலைமுறைகளாக இருந்து வந்திருக்கின்றன.

வாயை இவ்வளவு கவனமாக நடத்தும் மண்ணில் பல்லுக்கென்று ஒரு சடங்கும் உண்டு. குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிப்பார்கள். ஓரத்தைப் பல் வரிசை போலக் கிள்ளி மடித்த கொழுக்கட்டைகளைக் குழந்தையின் தலையில் மெல்லச் சொரிவார்கள். சுற்றி நிற்கும் பிள்ளைகள் அவற்றைப் பொறுக்கித் தின்பார்கள். ஈழத்துத் தமிழ் வீடுகளில் இன்றும் நடப்பது இது. ஆறேழு வருடம் கழித்துப் பாற்பல் விழுந்தால் அதைக் கூரைமேல் எறிந்து, அணிலிடம் புதுப்பல் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு பல்லுக்குச் சடங்கு எதுவும் இல்லை. முளைத்த பல் எப்படி நின்றாலும் அது தலைவிதி. முன்னே தள்ளினால் 'மிதப்புப் பல்', ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் 'தெத்துப் பல்' என்று பெயர் மட்டும் வைத்தார்கள். ஒற்றைத் தெத்துப் பல்லை அழகு என்று கொண்டாடியவர்களும் உண்டு. மிதப்புப் பல்லுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. கலியாணப் பேச்சில் அது குறையாக எண்ணப்பட்டது. படம் எடுக்கும்போது உதட்டை இறுக மூடிக்கொள்ளும் பழக்கம் அதனால் வந்ததுதான்.

அழகு இதில் ஒரு பகுதி மட்டுமே. வாயை மூடும்போது மேல்வரிசை கீழ்வரிசையைச் சற்றே மூடி நிற்க வேண்டும். கொடுப்புப் பற்கள் மேடும் பள்ளமுமாக ஒன்றில் ஒன்று பொருந்த வேண்டும். இந்தப் பொருத்தத்தைத்தான் வைத்தியர்கள் 'கடி' என்கிறார்கள். கடி பிசகினால் சில பற்கள் மட்டும் முழுச் சுமையையும் தாங்கித் தேய்கின்றன. கீழ் முன்பற்கள் மேல் அண்ணத்தை இடித்துப் புண்ணாக்குகின்றன. நெருங்கி நிற்கும் பற்களின் இடுக்கில் அழுக்குத் தேங்கி முரசு வீங்குகிறது. ஒரு பக்கத்தால் மட்டுமே சப்பிச் சாப்பிட்டு நாற்பது வருடம் கழித்தவர், அதை ஒரு நோயாகவே நினைத்திருக்க மாட்டார்.

கோணல் பல்லை நேராக்கும் ஆசை பழையது. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் செல்சஸ் என்ற மருத்துவ நூலாசிரியர், பாற்பல் விழுமுன் புதுப்பல் முளைத்துவிட்டால் பாற்பல்லைப் பிடுங்கிவிட்டு, புதிதைத் தினமும் விரலால் தள்ளி அதன் இடத்துக்குக் கொண்டுவரும்படி எழுதினார். 1728இல் பாரிஸில் பியேர் ஃபோஷார் தம் பல்மருத்துவ நூலில் குதிரை இலாட வடிவத் தகடு ஒன்றை விவரித்தார். பற்களை அதில் நூலால் கட்டி இழுப்பது அவரது முறை. அந்த வேளையில் மட்டக்களப்புக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். ஃபோஷாரின் தகடு கப்பலேறி இங்கே வரவில்லை. பல்வலிக்கு வேப்பங்குச்சியும் கராம்பும், தாங்க முடியாவிட்டால் பிடுங்கலும்தான் இங்கிருந்த வைத்தியம்.

கடியை ஒரு தனிக் கலையாக வகுத்தவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். 1899இல் அவர் முதலாவது பெரிய கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் பொருந்தும் விதத்தை வைத்துக் கோணல் கடிகளை மூன்று வகுப்பாகப் பிரித்தார். உலகம் முழுவதும் பல் வைத்தியர்கள் இன்றும் அந்த வகுப்புகளைத்தான் சொல்கிறார்கள்.

வளர்ந்தவருக்கு இது செய்யலாமா என்ற வாதமும் அந்தக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சிற்பியும் பல் வைத்தியருமான நோர்மன் கிங்ஸ்லி 1880இல் எழுதிய நூலில், பல்லை நகர்த்துவதற்கு வயதெல்லை என்று பெரிதாக ஒன்றுமில்லை என்ற கருத்தை வைத்தார். இருபது வருடத்தில் காற்று மாறியது. 1901இல் மெக்டொவெல் என்பவர், பதினாறு வயதுக்குப் பின் கடியை நிலையாகத் திருத்துவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று எழுதினார். இந்த இரண்டாவது கருத்துத்தான் ஊர் ஊராகப் பரவியது. 'வயது போயிற்று, இனி என்ன செய்ய?' என்று இங்கே சொல்லப்படும் வார்த்தைக்குப் பின்னால் அப்படியொரு பழைய மருத்துவத் தீர்ப்பும் இருக்கிறது.

அந்தத் தீர்ப்புப் பிழை. அதற்கான விளக்கம் வெகு சீக்கிரமே கிடைக்கவும் செய்தது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904 அளவில் நாயின் பற்களை நகர்த்திப் பார்த்து, தாடை எலும்பில் என்ன நடக்கிறது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்தார். பல் எலும்பில் ஆணி போல அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல்லை ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளினால், தள்ளப்படும் பக்கத்து எலும்பு கரைகிறது. விட்டு விலகும் பக்கத்தில் புது எலும்பு படிகிறது. வாவிக்கரை ஒரு பக்கம் அரிபட்டு மறுபக்கம் மணல் சேர்வதைப் பார்த்தவருக்கு இது எளிதில் விளங்கும். அந்த நார்ப்படலம் உயிரோடு இருக்கும்வரை ஐம்பது வயதிலும் பல் நகரும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர், அவ்வளவுதான் வேகம்.

வளர்ந்தவர்கள் கம்பியிலிருந்து ஒதுங்கி நின்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டி மாட்ட வேண்டும். வாய் நிறைய உலோகத்தோடு வேலைக்குப் போக யாருக்கு மனம் வரும்? 1955இல் மைக்கேல் புவனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று காட்டினார். அதன் பின்னர்தான் கம்பியைப் பிடித்து நிற்கும் சிறு பிராக்கெட்டைப் பல்லின்மேல் நேரே ஒட்டும் முறை வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் வில்லியம் பியூலர் குழுவினர் கண்ட நிக்கல்–டைட்டானியக் கலவை அடுத்த பத்தாண்டில் பல் வைத்தியத்துக்கு வந்தது. எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும் கம்பி அது. பல்லை மென்மையாகவும் விடாமலும் இழுக்க அதைவிடப் பொருத்தமானது இல்லை. 1997இல், வளர்ந்த பிறகு தானே கம்பி போட்டுக்கொண்ட ஸ்டான்ஃபோர்ட் மாணவர் ஸியா சிஷ்டி, நண்பர்களோடு கழற்றி மாட்டக்கூடிய கண்ணாடி போன்ற உறைகளுக்கு ஒரு நிறுவனம் தொடங்கினார். கம்பி பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பணக்கார நாடுகளில் அதோடு கரையத் தொடங்கியது.

இலங்கையில் கதை வேறு தடத்தில் போனது. பல்மருத்துவப் பட்டப் படிப்பு 1943இல் கொழும்பில் தொடங்கி, பின்னர் பேராதனைக்கு இடம்மாறியது. நாடு முழுவதற்கும் பல் வைத்தியரை உருவாக்கும் ஒரே பீடமாகப் பல தசாப்தங்கள் பேராதனையே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சைத் தாதியருக்கான பயிற்சிக் கல்லூரி எழுந்தது. 1921இலேயே நியூசிலாந்து தொடங்கிய முறை அது. ஏழை நாடொன்றில் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இருந்திருக்காது. ஆனால் அந்தச் சேவை 3 முதல் 13 வயது வரையான பிள்ளைகளுக்கே உரியது. பதின்மூன்று வயதைத் தாண்டியவர் அரச வைத்தியசாலையின் பல் பிரிவில் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே வலிக்கும் பல்லுக்குத்தான் முதலிடம். கோணல் கடி வலிப்பதில்லை. அதனால் அது எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நின்றது.

படுவான்கரைக்கு இதற்குமேல் இன்னொன்றும் வந்து சேர்ந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்ட பிறகு, 2007 வரையில், வாவிக்கு மேற்கே உள்ள ஊர்களின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே நெடுங்காலம் இருந்தது. வாவியைக் கடப்பது என்பது பாதைக்குக் காத்திருப்பதோடு முடியவில்லை. சோதனைச் சாவடிகளையும் கடக்க வேண்டும். காய்ச்சலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடந்தார்கள், பிரசவத்துக்குக் கடந்தார்கள். பல் வரிசைக்காக மாதாமாதம் கடக்கும்படி யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க முடியாது. 1990இல் பன்னிரண்டு வயதாக இருந்த பிள்ளை இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. வயதுக்கு வந்தபின் கம்பி கட்ட வரும் இவர்களை 'பிந்தி வந்தவர்கள்' என்று சொல்வது நியாயமில்லை. உரிய காலத்தில் அவர்களுக்கு வழி திறந்திருக்கவில்லை.

வளர்ந்தவரின் முரசு நோயைப் பற்றி உலகத்துக்கு மிக முக்கியமான பாடம் ஒன்று கிடைத்தது இலங்கையிலிருந்துதான்; அதுவும் தமிழ்த் தொழிலாளரின் வாயிலிருந்து. 1970இல் ஹாரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு அறிஞரும் அவரது தோழர்களும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் பற்களைச் சோதித்தார்கள். பற்தூரிகையோ பல் வைத்தியரோ எட்டாத மக்கள் அவர்கள். பதினைந்து வருடம் திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பற்சூத்தை ஏறக்குறைய இல்லை. ஆனால் முரசு நோய் எல்லோரிடமும் இருந்தது. 1986இல் முடிவு வெளிவந்தது: 8 சதவீதத்தினருக்கு அது வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மெதுவாக, 11 சதவீதத்தினருக்கு முரசு அழற்சியைத் தாண்டிப் போகவில்லை. வேகமாக முற்றியவர்கள் 35 வயதில் சராசரியாக 12 பற்களை இழந்திருந்தார்கள். 45 வயதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2010இல் மீண்டும் ஒரு குழு அந்தத் தோட்டங்களுக்குப் போனபோது பழைய 480 பேரில் 75 பேரைப் பார்த்துச் சோதிக்க முடிந்தது.

உலகத்தின் பல்மருத்துவப் பாடநூல்களில் இந்தத் தொழிலாளர்கள் இடம்பெற்றிருக்கிறார்கள். நோய் சிகிச்சையில்லாமல் விடப்பட்டால் எப்படிப் போகும் என்பதற்கு அவர்கள்தான் சான்று. அந்த அறிவுக்கு அவர்கள் கொடுத்த விலை தங்கள் பற்கள் என்பதை இங்குள்ள தமிழ் வாசகர் மறக்கக்கூடாது.

கம்பிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. முரசு நோயால் எலும்பு இறங்கும்போது முன்பற்கள் பிடிமானம் இழந்து விசிறி போல முன்னே விரிகின்றன. கொடுப்புப் பல் ஒன்று போனால் பக்கத்துப் பல் வெற்றிடத்துக்குள் சரிகிறது. எதிரே உள்ள பல் இறங்குகிறது. 'இளமையில் நல்லாத்தான் இருந்தது, இப்பதான் பல் மிதக்குது' என்று நாற்பது வயதுக்காரர் சொன்னால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. முரசு ஆறாத வாயில் கம்பி கட்டினால் மிஞ்சிய எலும்பும் போகும். அதனால்தான் நல்ல வைத்தியர் பல வாரம் முரசைச் சுத்தம் செய்து, இரத்தக் கசிவு நின்ற பிறகே கம்பியைப் பற்றிப் பேசுவார்.

மட்டக்களப்பில் இந்தப் பேச்சு வெற்றிலை வட்டாவைத் தொடாமல் முடியாது. விருந்தாளியை வரவேற்பதும் கலியாணம் பேசுவதும் வழக்குத் தீர்ப்பதும் வெற்றிலையோடுதான் நடந்தன. பல் போன முதியவர்கள் பாக்கைச் சிறு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டார்கள். அந்த உரல் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஊரின் பல் இழப்புக்கு அதுவே ஒரு சரித்திரச் சான்று. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். மரியாதைக்குரிய வழக்கம் என்றாலும், இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை: கம்பி கட்ட நினைப்பவர் முதலில் வெற்றிலையை விட வேண்டும். பாக்கு பிராக்கெட்டையும் பெயர்த்துவிடும். பொரிவிளாங்காயும் அப்படித்தான்.

கம்பி கட்டியபின் ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போய் இறுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் சோறும் குழைத்தே தின்ன வேண்டியிருக்கும். கம்பி கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். வளர்ந்தவர்கள் பிடிப்புக் கருவியை நீண்ட காலம், சிலர் வாழ்நாள் முழுக்க, இரவில் அணிய வேண்டும். தாடை எலும்பே முன்னோ பின்னோ வளர்ந்திருந்தால் கம்பியால் மட்டும் முடியாது. அதற்குத் தாடை அறுவைச் சிகிச்சை வேண்டும். 1957இல் ஹூகோ ஒப்வேகசர் வாயின் உட்பக்கமாகவே கீழ்த்தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை வெளியிட்டதிலிருந்து முகத்தில் தழும்பு இல்லாமல் அது நடக்கிறது.

இலங்கையில் பற்சீரமைப்பு நிபுணர்கள் பணியாற்றும் அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். காத்திருப்போர் பட்டியல் நீளம், பிள்ளைகளுக்கு முதலிடம். பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுப்பதில் பிழை இல்லை. ஆனால் யுத்த காலத்தில் பிள்ளைகளாக இருந்து, அந்த முதலிடத்தை ஒருநாளும் பெறாதவர்கள் ஒரு மாவட்டம் முழுக்க இருக்கும்போது, மாதத்தில் ஒரு நாளையாவது அவர்களுக்கு ஒதுக்குவது சுகாதாரத் திணைக்களத்தால் முடியாத காரியம் இல்லை. அந்த நாளைப் பாதை ஓடும் நேரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். மண்டூரிலும் வெல்லாவெளியிலும் இருந்து வருபவர் மாலைக்குள் வீடு திரும்ப வேண்டுமே.

உதட்டை மூடிப் படமெடுக்கும் பழக்கமுள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து வைத்தியசாலையின் பல் பிரிவில் முரசைச் சுத்தம் செய்யக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து இரத்தம் கசிகிறதா என்று காட்டுங்கள். கசியவில்லை என்றால், நிபுணரிடம் போக ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள்.